36 ரிங்கிட் பிடித்தமும் இரண்டு 555 நோட்டுகளும்

பினாங்கு சாப்பாட்டுக் கடை ஒன்றில் நடந்த சம்பளத் தகராறு: நிகழ்வு ஆய்வு

2025 நவம்பர் 6, வியாழக்கிழமை. மதியக் கூட்டம் ஓய்ந்து இலைகளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். கல்லாவில் இருந்த முதலாளி அக்டோபர் மாதச் சம்பளத்தை உறைகளில் போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்தபடி வந்த தம்பி அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தார். 1,800 இருக்க வேண்டிய உறையில் 1,764 இருந்தது.

"மொதலாளி, 36 வெள்ளி கொறையுதே?"

"கவர்மெண்ட்டு புடிக்குதுப்பா. எல்லாருக்கும்தான்."

பேச்சு அதோடு முடிந்தது. முதலாளி சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பிடித்தம் முழுக்க முழுக்கச் சட்டப்படியானது. ஆனாலும் பத்து வாரம் கழித்து, 30,900 ரிங்கிட் கேட்டு அந்தத் தம்பி தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்திருந்தார்.

ஜார்ஜ்டவுனில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. இந்தக் கடைக்கு ஏழு வருடமாக எழுதுகிறேன். முதலாளியை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரும் அந்தத் தம்பியும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். கடை எது, ஆள் யார் என்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டமும் கணக்கும் மாற்றப்படவில்லை. லெபோ பாசார், லெபோ குயின் பக்கம் கடை வைத்திருக்கும் பலருக்கு இந்தக் கதையில் தங்கள் கடை தெரியலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கடை

வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. அண்ணனின் அப்பா தொடங்கியது. 13 பேர் வேலை செய்கிறார்கள். ஒன்பது பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள், நான்கு பேர் உள்ளூர். புகார் கொடுத்த தம்பிக்கு 31 வயது, சிவகங்கைப் பக்கம். 2023 பிப்ரவரியில் வந்தார். சாம்பார், ரசம், பிரட்டல் எல்லாம் அவர் கைப்பக்குவம்தான்.

அண்ணன் கெட்ட முதலாளி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வழக்கின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பாடு கடையிலேயே. தங்குவதற்கு மேல்மாடி, வாடகை கிடையாது. தீபாவளிக்குத் துணியும் ஒரு மாதச் சம்பளமும் உண்டு. காய்ச்சல் என்றால் அவரே கிளினிக்குக்கு அழைத்துப் போவார். 2024-இல் தம்பியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தபோது 4,000 ரிங்கிட் எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் முடிந்ததைக் கழித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. எல்லாம் வாய்ப்பேச்சுதான். அந்தக் கடையில் வேலை ஒப்பந்தம் என்று ஒரு காகிதமும் கிடையாது, பே சிலிப் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. முன்பணத்தை மட்டும் கல்லாவுக்குள் ஒரு 555 நோட்டில் எழுதி வைப்பார். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே சின்ன நோட்டுத்தான்.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. வருமான வரிக்கும், ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்கும், சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கும் கணக்கு நான்தான் போடுகிறேன். சம்பளம் அண்ணன் கையில் இருந்தது. பே சிலிப் அடியுங்கள் என்று வருடத்துக்கு ஒருமுறை சொல்லிவிட்டு, அவர் சிரித்ததும் விட்டுவிடுவேன். அக்டோபரில் புதிய பிடித்தம் வந்தபோதாவது நானே உட்கார்ந்து 13 தாள் அடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை.

அந்த 36 ரிங்கிட்

ஈபிஎஃப் சட்டத்தில் 2025-இல் திருத்தம் வந்தது. அதுவரை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஈபிஎஃப் கட்டாயமில்லை. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து கட்டாயமானது. முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. 1,800-க்கு ஆளுக்கு 36 ரிங்கிட். தம்பியின் பெயரில் மாதம் 72 ரிங்கிட் சேர்கிறது. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பணத்தை அவர் எடுத்துக்கொள்ளலாம். அதாவது, அவருக்கு 36 ரிங்கிட் போகவில்லை, 36 ரிங்கிட் கூடுதலாக வருகிறது.

இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் நினைத்தது வேறு. வந்த முதல் வருடம் மாதம் 150 ரிங்கிட் லெவி என்று பிடித்திருந்தார்கள். வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசு வாங்கும் கட்டணம் அது. சேவைத் துறையில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 1,850 ரிங்கிட் லெவி. அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் பிடிக்கக் கூடாது என்பது 2018 ஜனவரியிலிருந்து விதி. அண்ணன் அதற்கு முந்திய பழக்கத்திலேயே பிடித்துவிட்டார். நான் கண்டுபிடித்து நிறுத்தியபோது 1,800 ரிங்கிட் ஏற்கனவே போயிருந்தது. நிறுத்தினோமே தவிர, பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நவம்பர் உறையில் பணம் குறைந்ததும் தம்பிக்கு அந்த லெவி ஞாபகம்தான் வந்தது. பழைய கதை மறுபடி தொடங்குகிறது என்று எண்ணிக்கொண்டார்.

பக்கத்துக் கடையில் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவர், தொழிலாளர் இலாகாவுக்கு வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது, கைப்பேசியிலேயே புகார் செய்யலாம் என்று காட்டிக் கொடுத்தார். அங்கே விசாரித்த பிறகுதான், தனக்கு வர வேண்டியது 36 ரிங்கிட் மட்டுமல்ல என்று தம்பிக்குத் தெரிந்தது.

தம்பியிடமும் ஒரு 555 நோட்டு இருந்தது. வந்த நாளிலிருந்து எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு முடித்தார் என்று தினமும் எழுதி வைத்திருந்தார். ஊரில் அவருடைய அப்பா கூலி நாள் கணக்கை அப்படித்தான் எழுதுவாராம். மூன்று வருடத்தில் 11 நோட்டுகள். எண்ணெய்க் கறை படிந்து சில பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடைக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதல், அதைவிடச் சின்னக் கடைகளில் ஆகஸ்ட் 1 முதல். அண்ணன் பிப்ரவரியிலேயே 1,600-ஐ 1,800 ஆக்கிவிட்டார். "அவங்க 1,700 கேட்டாங்க, நான் நூறு சேத்தே குடுத்தேன். அப்புறம் என்னா தப்பு?" என்று என்னிடம் கேட்டார். சம்பளத்தில் தப்பில்லை, நேரத்தில்தான் தப்பு.

வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழக்கமான வேலை நேரம். முன்பு 48 ஆக இருந்தது. ஆறு நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். தம்பி காலை 9 மணிக்கு அடுப்படிக்கு வந்தால் இரவு 10-க்குத்தான் வெளியே வருவார். சாப்பாடு, மதிய ஓய்வு என்று மூன்று மணி நேரம் கழித்தாலும் பத்து மணி நேர வேலை. ஆக தினமும் இரண்டரை மணி நேரம் ஓவர்டைம். மாதம் 26 நாளில் 65 மணி நேரம்.

சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை ஏழரையால் வகுத்தால் ஒரு மணி நேரக் கூலி. ஓவர்டைமுக்கு அதில் ஒன்றரை மடங்கு. 1,800 ரிங்கிட்டுக்கு நாள் கூலி 69.23, மணிக்கு 9.23, ஓவர்டைம் மணிக்கு 13.85. அறுபத்தைந்து மணி நேரத்துக்கு 900 ரிங்கிட். 1,600 வாங்கிய காலத்துக்கு இதே முறையில் மாதம் 800.

2023 பிப்ரவரியிலிருந்து 2025 ஜனவரி வரை 24 மாதம், 19,200. 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பர் வரை 11 மாதம், 9,900. லெவி 1,800. கூட்டினால் 30,900.

அண்ணன் இந்தக் கணக்கு எழுதிய தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "1,800-ல ஓவர்டைமும் சேத்துத்தானம்மா குடுத்தேன்" என்றார். எல்லாம் சேர்த்து ஒரே தொகை என்று பேசிக்கொள்வது நம் கடைகளில் சாதாரணம். ஆனால் அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, ஓவர்டைம் இவ்வளவு என்று எழுத்தில் பிரித்துக் காட்டாவிட்டால் முழுத் தொகையும் அடிப்படைச் சம்பளமாகவே பார்க்கப்படும். அதற்கு மேலேதான் ஓவர்டைம் கணக்கு ஏறும். அவர் பெருந்தன்மையாகச் சேர்த்துக் கொடுத்த நூறு ரிங்கிட், ஓவர்டைம் மணிக்கூலியை 13.08-லிருந்து 13.85-க்கு உயர்த்தியது. அவ்வளவுதான் அது செய்தது.

அடுத்து சாப்பாடு. "மூணு வேளை சோறு, தங்க எடம், கரண்டு, தண்ணி. இதெல்லாம் வெளிய எடுத்தா மாசம் 600 வெள்ளி ஆகாதா?" ஆகும். ஆனால் வேலைச் சட்டம் சம்பளம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, தங்கும் இடம், சாப்பாடு, வெளிச்சம், தண்ணீர், மருத்துவம் இவற்றின் மதிப்பு சம்பளத்தில் சேராது என்று வைத்துவிட்டது. வருடாந்தர போனஸும் சேராது. அண்ணன் மனசாரக் கொடுத்த எதற்கும் அந்தத் தாளில் இடமில்லை. அன்று அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் விதி இப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. சாப்பாட்டைச் சம்பளத்தில் கழிக்கலாம் என்று விட்டால், ரசம் சாதத்துக்கு மாதம் 800 ரிங்கிட் போடும் முதலாளிகளும் வருவார்கள். சட்டம் எழுதும்போது அவர்களையும் நினைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த 4,000-இல் 1,500 கழிந்து 2,500 பாக்கி. அதையாவது கழிக்கலாமா? ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்க வீடு, நிலம், வாகனம், மருத்துவம், படிப்பு என்று சில காரணங்களைச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. கல்யாணம் அதில் இல்லை. தனி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அண்ணனின் 555 நோட்டில் தேதியும் தொகையும் இருந்தன, தம்பியின் கையெழுத்து இல்லை.

சொந்தக்காரர் சொன்ன யோசனை

ஜனவரி மூன்றாம் வாரம் இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. அன்று சாயங்காலம் கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். அண்ணனின் சொந்தக்காரர் ஒருவர், அவரும் கடை வைத்திருப்பவர், ஒரே வழி சொன்னார். பெர்மிட்டை ரத்து செய், டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பு, ஆள் இல்லாவிட்டால் கேஸும் இல்லை.

இதை அவர் பொல்லாத எண்ணத்தில் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். பல வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று அண்ணன் தலையாட்டியிருந்தால் ஒரு சம்பளத் தகராறு குற்றவியல் வழக்காகியிருக்கும். வேலைச் சட்டத்தில் 2023 முதல் கட்டாய உழைப்பு தனிக் குற்றம். மிரட்டியோ ஏமாற்றியோ வேலை வாங்கி, ஆள் வெளியேற முடியாதபடி தடுத்தால் 100,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்போதுதான் நான் பிஸ்கட் டின்னைப் பற்றிக் கேட்டேன்.

கல்லாவுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. அதற்குள் ஒன்பது பாஸ்போர்ட், ரப்பர் பேண்டு போட்டு. மேல்மாடியில் பூட்டு இல்லை, தொலைந்துபோனால் இமிகிரேஷனுக்கு யார் அலைவது என்று பத்திரத்துக்காக அண்ணன் வாங்கி வைத்திருந்தார். ஒரு தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வதே 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். எழுத்தில் பதில் சொல்ல முடியாத கடை, சம்பள பாக்கி, டின்னுக்குள் பாஸ்போர்ட், புகார் கொடுத்தவனுக்கு டிக்கெட். இந்த நான்கையும் ஒன்றாக வைத்து ஒரு அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று அண்ணனிடம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு டின்னைத் திறந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சம்பள நாளில் உறை கொடுப்பது போலவே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். தம்பியை இரண்டாவதாகக் கூப்பிட்டார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை தம்பி வழக்கம்போல அடுப்பைப் பற்றவைத்தார். வழக்கு நடந்த நாள் முழுக்க அவர் அதே கடையில்தான் வேலை செய்தார், அண்ணனும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இந்த விவகாரத்தில் நான் மிக மதிப்பது இதைத்தான்.

இலாகாவில்

தொழிலாளர் இலாகா விசாரணை என்றதும் கோர்ட்டு, கூண்டு என்று பயப்படுகிறார்கள். ஒரு மேசை, ஒரு அதிகாரி, எதிரெதிரே இரண்டு தரப்பு. முதலில் சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முடியாவிட்டால் சாட்சியம் எடுத்து உத்தரவு போடுவார்கள். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அதிகாரி அண்ணனிடம் கேட்டது மூன்றே கேள்வி. வேலை ஒப்பந்தம் இருக்கிறதா? சம்பளப் பதிவேடு இருக்கிறதா? வேலை நேரப் பதிவு இருக்கிறதா? பதிவேடுகளை ஆறு வருடம் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. இல்லை என்று மூன்று முறை சொல்ல வேண்டியதாயிற்று. அப்புறம் தம்பி பிளாஸ்டிக் பையிலிருந்து 11 நோட்டுகளை எடுத்து வைத்தார். அதிகாரி நடுவிலிருந்து ஒன்றை எடுத்துப் புரட்டினார். தீபாவளி அன்று கடை மூடியிருந்த நாளுக்கு நேரே "லீவு" என்று எழுதியிருந்தது. காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் அப்படியே. தனக்குப் பாதகமானதையும் எழுதி வைத்திருக்கும் நோட்டை யார் சந்தேகப்படுவார்கள்?

எங்கள் பக்கம் காட்ட ஒன்றும் இல்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. 2024-இல் தம்பி ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார், மழைக்காலத்தில் கடையை முன்னதாக மூடிய நாட்களும் இருந்தன. அவற்றை நோட்டிலேயே தேடிக் கழித்தோம். கடைசியில் 24,000 ரிங்கிட், ஆறு தவணை, மாதம் 4,000 என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டார்கள். வழக்காகப் போயிருந்தால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 ரிங்கிட் வரை அபராதம் வந்திருக்கலாம்.

2,500 முன்பணத்தைப் பற்றி அதிகாரி கேட்டார். அண்ணன் கையை ஆட்டிவிட்டு, "அது அந்தப் புள்ளைக் கல்யாணத்துக்கு நான் வெச்ச மொய்னு இருக்கட்டும்" என்றார். தம்பி தலை குனிந்திருந்தார். வெளியே வந்து கார் நிறுத்தியிருந்த இடத்தில்தான் வாய் திறந்தார். "மொதலாளி, அன்னைக்கே அந்த 36 வெள்ளி எம் பேர்லதான் சேருதுன்னு சொல்லியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன்." சட்டம் படித்தவர்கள் யாரும் இந்த வழக்கின் காரணத்தை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

அதே ஜனவரியில்

நடுவில் இன்னொரு பளு. 2026 ஜனவரி 1 முதல் வருடத்துக்கு 1 மில்லியனிலிருந்து 5 மில்லியன் ரிங்கிட் வரை விற்பனை உள்ளவர்களும் இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனை ரசீதை வரி இலாகாவுக்கு இணையத்தில் அனுப்பும் முறைக்குள் வந்துவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் 100 மில்லியனுக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கியது, படிப்படியாக இறங்கி நம் தெருவுக்கு வந்துவிட்டது. அண்ணனின் கடை 1.2 மில்லியன் சுற்றி. கடையை இரண்டு பெயரில் பிரித்தால் தப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய கடைகளுக்கு 2022-ஆம் ஆண்டு கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள், இனிமேல் பிரிப்பதில் பயனில்லை என்று சொன்னேன்.

தினசரிச் சாப்பாட்டு வியாபாரத்துக்கு இது பெரிய தொல்லை இல்லை. ரசீது கேட்காத வாடிக்கையாளர்களின் விற்பனையை மாதம் முடிந்த ஏழு நாளுக்குள் ஒரே தொகுப்பாக வரி இலாகாவின் மைஇன்வாய்ஸ் தளத்தில் ஏற்றிவிடலாம். கல்யாண ஆர்டர்தான் வேறு. 10,000 ரிங்கிட்டுக்கு மேல் போகும் ஒவ்வொரு பில்லுக்கும், தொடக்கச் சலுகைக் காலம் முடிந்த பிறகு, தனி இ-இன்வாய்ஸ் வேண்டும். அதற்கு வாங்குபவரின் வரி எண்ணோ அடையாள அட்டை எண்ணோ வேண்டும். பந்தியில் நின்றுகொண்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த எண்ணைக் கேட்க முடியாது. முன்பணம் வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நான் அதிகம் யோசித்தது வாழையிலைப் பெரியவரைப் பற்றி. புக்கிட் மெர்தாஜாம் பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் இலைக்கட்டோடு ஃபெரி ஏறி வருகிறார். அப்பா காலத்திலிருந்து வருகிறவர். ரசீது கொடுத்ததே இல்லை. அவர் இலை விற்பதைத் தொழிலாகச் செய்பவர் என்றால், விற்பனை 1 மில்லியனுக்குக் கீழ் என்பதால் சாதாரணக் கைரசீது போதும். வீட்டுத் தோட்டத்து இலையைக் கொண்டுவந்து கொடுக்கும் தனி ஆள் என்றால், வாங்கும் கடையே அவர் சார்பில் இ-இன்வாய்ஸ் போட வேண்டும். ஒரே இலைக்கட்டுக்கு ஆளைப் பொறுத்து இரண்டு விதி. பெரியவரிடம் கேட்டோம். இரண்டு ஏக்கர் இலைக்காகவே போட்டிருக்கிறாராம். ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். முதல் ரசீதை எழுத ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார், தமிழில் எழுதினார்.

மேல்மாடி

வழக்கு முடிந்தபின் நானும் அண்ணனும் அளவு நாடாவோடு மாடி ஏறினோம். 20 அடிக்கு 12 அடி அறை. ஒன்பது பேர். தொழிலாளர் தங்குமிடத்துக்கான சட்டம் இப்போது தோட்டம், சுரங்கம் மட்டுமல்ல, எல்லாத் துறைக்கும் பொருந்தும். இந்த மாதிரி இடத்தில் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் வேண்டும். அறை 22 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஆறு பேருக்குத்தான் இடம். நான்கு அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போடும் அலமாரி ஆளுக்கு ஒன்று. இவை எல்லாம் விதியில் அளவோடு எழுதப்பட்டிருக்கின்றன. தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் ஆள் வைத்தால் 50,000 ரிங்கிட் வரை அபராதம்.

பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்திருந்தார்கள். சட்டைகள் கயிற்றில் தொங்கின. அலமாரி ஒன்றுகூட இல்லை. பூட்டும் பெட்டி இல்லாததால்தான் பாஸ்போர்ட் கல்லாவுக்குப் போனது என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது. மூன்று பேரை ஜெலுத்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு மாற்றினோம். அலமாரி வாங்கியாகிவிட்டது. சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்துப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது 2024 ஜூன் முதல் விதி. உள்ளூர்ப் பெண் ஒருவரை அனுப்பினோம்.

வேலை நேரம்

ஒரு நாளில் வேலை தொடங்கி முடிய, ஓய்வையும் சேர்த்து, பத்து மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 9-லிருந்து 10 வரை என்பது 13 மணி நேரம். ஆகவே ஓவர்டைம் கொடுத்தாலும் பழைய முறை செல்லாது. இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒன்று காலை 8 முதல் மாலை 6 வரை, மற்றது 12 முதல் இரவு 10 வரை. நடுவில் இரண்டு மணி நேரம் ஓய்வு. ஐந்து நாள் எட்டு மணி நேரம், ஆறாம் நாள் ஐந்து மணி நேரம், மொத்தம் 45. மதியக் கூட்டத்தில் இரண்டு குழுவும் இருக்கும். இரவில் ஆள் போதவில்லை, திங்கட்கிழமை இரவு கடையை மூடிவிட்டோம். சாப்பாட்டு விலையில் ஒரு ரிங்கிட் ஏற்றினோம். முதல் வாரம் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். சம்பளம் இப்போது வங்கியில். கூடவே ஒரு தாள்: அடிப்படை, ஓவர்டைம் மணி, ஈபிஎஃப் உன் பங்கு, முதலாளி பங்கு. தமிழில்தான் அடிக்கிறேன்.

மற்ற எட்டுப் பேர்

இலாகாவிலிருந்து திரும்பும்போது காரில் அண்ணன் கேட்டார், "மத்தவங்களும் அதே நேரந்தானே வேலை செஞ்சாங்க?" ஆமாம் என்றேன். கேட்காதவர்களுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று அந்தச் சொந்தக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறு வருடம் வரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்பது ஒரு பக்கம். தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் நின்று பாத்திரம் தேய்ப்பவருக்குக் கொடுக்காமல் எப்படிக் கல்லாவில் உட்காருவது என்று அண்ணன் கேட்டது இன்னொரு பக்கம். கடை முகப்பைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். மொத்தம் 150,000-ஐத் தாண்டும் போலிருக்கிறது, இரண்டு வருடத் தவணையில் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.

ஐந்து பேருடைய கணக்கைத் தம்பியின் நோட்டை ஒட்டியே போட முடிந்தது, அவரோடு ஒரே நேரத்தில் வேலை செய்தவர்கள். மீதி மூன்று பேர் பாத்திரம் கழுவுபவர்களும் இரவு கடை கழுவி மூடுபவரும். அவர்களுடைய நேரம் வேறு, எழுதியும் வைக்கவில்லை. வியாழன் மதியம் இலை எடுத்தபின் ஒவ்வொருவராக உட்கார வைத்து, எந்த மாதம் யார் ஊருக்குப் போனார்கள், எந்தத் திருவிழாவுக்கு எத்தனை மணிக்குக் கடை மூடினோம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் விடிய விடிய நின்றோம் என்று ஒருவர் சொன்னார், தம்பி தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து ஆமாம் என்றார். 2024 முடிந்துவிட்டது. அடுத்த வியாழன் 2025-ஐ எடுக்கிறோம்.